பூத்தும் காய்க்காத சிவப்பு லைனம்

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ஐப்பசியில் இரண்டு தொட்டி வைத்தாராம். ஒன்றில் மளிகைக் கடை ஆளிவிதை. இன்னொன்றில் பாக்கெட்டில் வந்த சிவப்பு லைனம், அதாவது ஆளியின் உறவான சிவப்புப் பூச்செடி. சிவப்பில் தேறியது ஒரே செடி. ஆளியின் நீலப்பூ மதியத்துக்குள் உதிர்ந்தாலும் பட்டாணி அளவில் காய் பிடித்தது. சிவப்போ பூத்துத் தள்ளியது, ஒரு காய்கூட இல்லை. "மலட்டுச் செடி, வளவுக்குள்ள வைக்காதே" என்றாராம் அப்பத்தா.

மலடு இல்லை. சம்பந்தம் செய்ய வேறு வீடு இல்லை, அவ்வளவுதான்.

ஆளிப்பூவில் மகரந்தப்பையும், மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூல்முடியும் ஒரே உயரத்தில் நிற்கும். தன் மகரந்தமே போதும், காய்த்துவிடும். அல்ஜீரியாவைச் சேர்ந்த சிவப்பு லைனம் அப்படியில்லை. அதில் இரண்டு வகைச் செடிகள் உண்டு. ஒரு வகையில் சூல்முடியைத் தாங்கும் ஐந்து சூல்தண்டுகளும் மகரந்தப்பைகளைத் தாண்டி மேலே நீளும். இன்னொன்றில் அவை குட்டை. மகரந்தத் தாள்களின் இடுக்கில் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கும்.

இனிமேல்தான் வேடிக்கை. நெட்டையின் சூல்முடியில் நெட்டை மகரந்தம் விழுந்தால் முளைப்பதே இல்லை, தெருப்புழுதி விழுந்த மாதிரிதான். குட்டையில் குட்டை விழுந்தால் மகரந்தத்திலிருந்து வளரும் குழல் கொஞ்சம் உள்ளே போகும், சூலை எட்டாது. நெட்டைக்குக் குட்டை, குட்டைக்கு நெட்டை என்றால் மட்டும் குழல் விறுவிறுவென்று இறங்கும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரே கோயில் பங்காளிக்குள் பெண் எடுப்பதில்லை (கோயில் உட்பிரிவுகளை இங்கே விட்டுவிடுகிறேன்). செட்டிநாட்டு நகரத்தாருக்குக் கோயில் ஒன்பது, லைனத்துக்கு இரண்டே இரண்டு.

இதைக் கண்டவர் டார்வின். 1861இல் அவர் தோட்டத்தில் 11 செடிகள்: எட்டு நெட்டை, மூன்று குட்டை. தள்ளி நின்ற இரண்டு நெட்டைச் செடிகளில் 12 பூக்களுக்கு மட்டும் குட்டை மகரந்தத்தைத் தொட்டு வைத்தார். அந்த இரண்டு செடிகளில் காய் பிடித்தது அவற்றில் மட்டும்தான். இன்று இதையே ஆய்வுத் திட்டமாக எழுதிக் கொடுத்தால், "இதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

சரி, வாசகிக்கு வருவோம். இரண்டு வகையும் பாதிக்குப் பாதி முளைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து செடியும் ஒரே வகையாக அமைய 16இல் ஒரு வாய்ப்புதான். அடுத்த ஐப்பசியில் ஐந்தாறு செடியாவது தேறும்படி தாராளமாகத் தூவுங்கள். தேனீ வராவிட்டால் ஒரு சிறு தூரிகை போதும். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: ஐந்து தண்டுகளும் மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. உங்களுக்கு வேண்டியது ஒரு குட்டை.