அத்தையின் பல்லுக்கு ஜாதகம் எங்கே?

புளியரையில் இருக்கும் என் அத்தைக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று போய், அந்த இடத்தில் இம்பிளான்ட் என்ற செயற்கைப் பல்லை வைத்தார்கள். மகள் கொல்லத்தில் இருப்பதால் வைத்தியமும் அங்கேதான். செங்கோட்டையில் ரயில் ஏறி, மலையைத் தாண்டி நாலைந்து முறை போய்வந்தார். சென்ற ஆவணியில் ஒரு நாள் காலை, தோசையை மெல்லும்போது அந்தப் பல் லேசாக ஆடியது. "வலி ஒன்றும் இல்லை, தாழ்ப்பாள் கழன்ற கதவு மாதிரி இருக்கிறது" என்றார். தென்காசியில் ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "இது எந்தக் கம்பெனி இம்பிளான்ட் அம்மா?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

பல்லுக்குக் கம்பெனி கேட்பது எனக்கு விசித்திரமாகத்தான் பட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதைவிட முக்கியமான கேள்வி வேறு இல்லை என்று புரிந்தது.

பொதுவாக இதில் மூன்று பாகங்கள். தாடை எலும்புக்குள் புதைந்திருக்கும் டைட்டானியத் திருகு ஒன்று. அதன் தலையில் பொருத்தப்படும் இணைப்புத் துண்டு ஒன்று, அபட்மென்ட் என்பார்கள். அதற்கும் மேலே, நாம் பல் என்று பார்ப்பது கேப். இணைப்புத் துண்டை உள்திருகோடு சேர்த்துப் பிடித்திருப்பது ஊசிபோல மெலிந்த இன்னொரு சின்னத் திருகு. அத்தையின் வாயில் வேலை காட்டியது அந்தக் கடைசி ஆசாமிதான்.

முதலில் எலும்புக் கதை. முருங்கைப் போத்து நட்டவர்களுக்குத் தெரியும்: வேர் பிடித்ததா என்று தினமும் ஆட்டிப் பார்த்தால் அது பிடிக்கவே பிடிக்காது. இம்பிளான்டிலும் அப்படித்தான், ஒரு வித்தியாசத்தோடு. இங்கே போத்து வேர் விடுவதில்லை. மண்தான் வளர்ந்து வந்து போத்தைப் பிடித்துக்கொள்கிறது. டைட்டானியம் காற்றுப் பட்ட கணத்திலேயே தன்மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். உடல் தொட்டுப் பார்ப்பது உலோகத்தை அல்ல, அந்தப் படலத்தை. அதில் விரட்டியடிக்க வேண்டிய அந்நியம் எதுவும் தென்படாததால், எலும்புச் செல்கள் அதன்மேலேயே ஒட்டி வளர்கின்றன.

இதைக் கண்டுபிடித்தது ஒரு தொல்லையால். 1950களில் சுவீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆய்வாளர், முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியக் கூடு ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு விடமாட்டேன் என்றது. வேறொருவராக இருந்தால் கருவி வீணாகிவிட்டதே என்று நொந்திருப்பார். இவரோ அந்தப் பிடிப்பையே பயன்படுத்திக்கொள்ள நினைத்தார். 1965இல் கோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் அவர் வைத்த திருகுகள், அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை வேலை செய்தன.

ஆனால் இந்தப் பிடிப்பு நேர்கோட்டில் ஏறுவதில்லை. வைத்த அன்று திருகு உறுதியாக நிற்பது, மரத்தில் ஏற்றிய ஸ்க்ரூ நிற்பதுபோல வெறும் இறுக்கத்தால். அடுத்த சில வாரங்களில், துளையிட்டபோது அடிபட்ட எலும்பை உடல் அரித்து அகற்றுகிறது. புது எலும்பு இன்னும் கெட்டிப்படவில்லை. ஆகவே மூன்றாவது நான்காவது வாரத்தில் இம்பிளான்ட் முதல் நாளைவிடத் தளர்வாக நிற்கக்கூடும். வலி போய்விட்டதே என்று நம்மவர்கள் முறுக்கைக் கடித்துப் பார்ப்பதும் சரியாக அந்த வாரங்களில்தான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குமேல் அசைந்துகொண்டே இருந்தால், எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்து சூழ்ந்துகொள்ளும். பிறகு அந்தத் திருகை எடுத்துவிட வேண்டியதுதான். மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது இதற்காக. துளையிடும்போது உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே இருப்பதற்கும் காரணம் உண்டு: 47 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு சேதப்படத் தொடங்கும்.

நல்ல பல்லுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெத்தை. இயற்கைப் பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை, சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நார்ப்படலத்தில் தொங்குகிறது. அதில் நரம்பு முனைகள் நிறைந்திருக்கின்றன. சோற்றில் ஒரு கல் பட்டவுடன் வாய் தானாகத் திறந்துகொள்வது அவற்றின் உபயம். இம்பிளான்டுக்கு அந்த மெத்தையும் இல்லை, காவலும் இல்லை. பிரானூர் பார்டரில் புரோட்டாவோடு வரும் நாட்டுக்கோழி எலும்பை அது முழு வேகத்தில் கடிக்கும். கேப்பின் பீங்கான் தெறித்த பிறகுதான் நமக்குச் செய்தி வரும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு இரவில் போட்டுக்கொள்ளும் உறை ஒன்றைச் செய்து தருவது இதனால்தான்.

இரண்டாவது குறை, ஈற்றைத் தொடும் பல்லின் கழுத்தில். இயற்கைப் பல்லின் வேருக்குள் ஈற்றின் நார்கள் ஆணிபோல இறங்கிப் பிடித்திருக்கும். இம்பிளான்டைச் சுற்றி அவை கட்டிய கயிறுபோல வளைத்து நிற்கின்றன, உள்ளே இறங்குவதில்லை. கயிறு தளர்ந்தால் அழுக்குக்கு வழி. டைட்டானியத்துக்குச் சொத்தை வராது என்பது உண்மை. அதைக் கேட்டுவிட்டுப் பலர் பிரஷ்ஷை மறந்துவிடுகிறார்கள். கழுத்தில் தங்கும் கிருமிப் படலம் முதலில் ஈற்றைச் சிவக்க வைக்கும், தேய்த்தால் ரத்தம் வரும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விட்டால் அழற்சி எலும்புக்கு இறங்கும், கரைந்த எலும்பு எளிதில் திரும்பாது. பல நேரம் வலியே இருக்காது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். கேப்பை சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தால், ஈற்றின் அடியில் தங்கிய துளி சிமெண்டே அழற்சிக்குக் காரணமாகிவிடுவதும் உண்டு.

இனி அந்தச் சின்னத் திருகு. அதை 30, 35 நியூட்டன் சென்டிமீட்டர் என்று கணக்கிட்டு முறுக்குவார்கள். அந்த முறுக்கில் திருகு கொஞ்சம் நீளும். சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் இரு பாகங்களையும் சேர்த்து இறுக்குகிறது. பக்கவாட்டில் ஆயிரக்கணக்கான மெல்லல்கள் விழுந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். கேப் மட்டும் ஆடினால் பிழைத்துக்கொள்ளலாம், எலும்பில் உள்ள திருகே ஆடினால் போயிற்று. எக்ஸ்ரேயில் அத்தைக்கு எலும்பு நன்றாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் திருகின் தலைப்பள்ளம் வேறு, அதில் பொருந்தும் திருப்புளியின் முனை வேறு. பொருந்தாத முனையைப் போட்டுத் திருகினால் பள்ளம் மழுங்கிவிடும்.

கொல்லத்தில் மகள் பீரோவைக் குடைந்து பழைய ஃபைலைக் கண்டுபிடித்தாள். இம்பிளான்ட் பெட்டியில் வரும் ஸ்டிக்கர் ஒன்று அதில் ஒட்டியிருந்தது: கம்பெனி பெயர், விட்டம், நீளம், தயாரிப்பு எண். படம் எடுத்து அனுப்பினாள். அடுத்த வாரம் சரியான முனையும் புதுத் திருகும் வந்தன. மருத்துவர் கேப்பின் நடுவிலிருந்த அடைப்பை எடுத்தார். கீழே சுருட்டி வைத்த வெள்ளை டேப் ஒன்று வந்தது. குழாய் ரிப்பேர் செய்பவர் மரையில் சுற்றுவாரே, அதே டெஃப்ளான். திருகின் தலை கெடாமல் இருக்க அதை வைத்து மூடுகிறார்களாம். பழைய திருகைக் கழற்றிப் புதியதை ஏற்றி, அளவுக் குறடால் முறுக்கினார். 'டக்' என்று ஒரு சத்தம். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை. முதல் முறுக்கில் உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று படியும்போது இறுக்கம் கொஞ்சம் குறையும், அதை ஈடுகட்டத்தான் இரண்டாவது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார். எக்ஸ்ரேயில் எலும்பின் மட்டத்தை ஒப்பிட வேண்டும். முதலாண்டில் சிறிது இறங்குவது வழக்கம், அதன்பின் ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவலை இல்லை. பல்லிடுக்கில் விடும் சின்ன பிரஷ் ஒன்றையும் காட்டினார். அதன் கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் பூச்சு இருக்க வேண்டும், வெறும் கம்பி கீறிவிடும். கேப்பைப் பிற்பாடு மாற்ற நேரலாம், அது சைக்கிளுக்கு டயர் மாற்றுவதுபோல ஒரு செலவு என்றார்.

இப்போது அந்த ஸ்டிக்கரின் நகல் அத்தையின் ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது. இரவில் சின்ன பிரஷ்ஷைக் கண்ணாடி முன் நின்று விடுகிறார். கொட்டைப்பாக்கை விடச் சொன்னதை மட்டும் காதில் வாங்கவில்லை, இடதுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.