"அவங்க ரெடியாகிறாங்களாம்": திருகோணமலையில் சண்டைப் பயம்

கொழும்பில் மேடைகள் சூடானால், இரண்டொரு நாளில் திருகோணமலையில் நித்திரை கெட்டவர்கள் எங்களைத் தேடி வருவார்கள். இங்கே உளவளத்துணை வேலையில் இருக்கிற எவரும் இதைக் கவனித்திருப்பார். தேர்தல் நெருங்கும்போது வருவார்கள். காணிப் பிரச்சினை ஒன்று செய்தியானால் வருவார்கள். 2025 நவம்பரில் கடற்கரையோர விகாரை வளவில் புத்தர் சிலை வைக்கப்பட்டு, பொலிஸார் இரவோடிரவாக அதை எடுத்துப்போய், மறுநாள் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்களே, அந்த மாதிரி நாட்களில் கேட்கவே வேண்டாம். நெஞ்சு படபடப்பு, வயிற்றுப் பிரட்டல், இரவு இரண்டு மணிக்கு எழும்பி கேற் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. கொஞ்ச நேரம் பேசவிட்டால் கேள்வி வந்துவிடும்: "திரும்பவும் சண்டை வருமா?"

இதைப் பைத்தியக்காரப் பயம் என்று ஒதுக்க முடியாது. 2005 மே மாதம் பஸ் நிலையப் பக்கம் புத்தர் சிலை வைக்கப்பட்டது, ஊரே ஹர்த்தாலில் முடங்கியது. 2006 ஜனவரியில் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏப்ரலில் சந்தையில் குண்டு வெடித்தது, அதன்பின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஜூலையில் புலிகள் மாவிலாறு அணைக்கட்டை மூடி வயல்களுக்குப் போகிற தண்ணீரை நிறுத்தினார்கள். ஓகஸ்டில் மூதூரில் சண்டை. மூதூர் முஸ்லிம் குடும்பங்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள், சம்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் மட்டக்களப்புப் பக்கம் போனார்கள். சிலையிலிருந்து ஷெல்லடி வரைக்கும் பதினைந்து மாதம்தான். அதை வாழ்ந்து கடந்தவருக்கு இன்று சிலை என்ற பேச்சு காதில் விழுந்தாலே போதும், உடம்பு மாவிலாறுவரை ஓடிவிடும். அவரிடம் போய் "சும்மா பயப்படாதீங்க" என்று சொன்னால், நமக்கு விளங்கவில்லை என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார். அவ்வளவுதான் நடக்கும்.

ஆனால் அந்த வரிசையில் ஒன்று விடுபட்டுப் போகிறது. 2005இல் இந்த மாவட்டத்திலேயே இரண்டு ஆயுதப் படைகள் முகத்துக்கு முகம் நின்றன. மூதூர் கிழக்கும் சம்பூரும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தன. 2002இல் கையெழுத்தான போர்நிறுத்தம் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. சிலை சண்டையைக் கொண்டுவரவில்லை. சண்டைக்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே இங்கே இருந்தது. ஆய்வாளர்கள் ஒரு வருடத்தில் 25 பேராவது மோதலில் இறந்தால்தான் அதை ஆயுத மோதல் என்கிறார்கள், 1000 பேர் இறந்தால் போர் என்கிறார்கள். அந்த நிலைக்குப் போக ஆயுதம், ஆட்கள், பணம், கட்டுப்பாட்டில் நிலம் எல்லாம் வேண்டும். பாராளுமன்றத்தில் கத்துவது மட்டும் போதாது. 2022 மே மாதம், பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களுக்கு நடுவில், பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ஷ எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்துக்குள் வந்து இருந்தார், வாசலில் சனம் கூடிக் கத்தியது. ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டே போனார். அந்த மே மாதம் உயிர்கள் போனதும் வீடுகள் எரிந்ததும் உண்மைதான். ஆனாலும் அது போராக மாறவில்லை, 2024இல் வாக்குச்சீட்டால் ஆட்சி மாறியது.

சரி, அப்படியானால் கவலைப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. என் அறையில் ஒரே வாரத்தில் மூன்று இனத்தவரும் வந்து உட்காருவார்கள். தமிழ் அம்மா ஒருவர் சொல்வார், "அவங்க ரெடியாகிறாங்களாம் தம்பி." கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் நானா ஒருவர், முகம் வேறு, பேச்சு அதே. கந்தளாய்ப் பக்கமிருந்து வருகிற சிங்களக் குடும்பமும் தங்கள் மொழியில் அதையேதான் சொல்லும். "நாங்க தொடங்கப்போறோம்" என்று இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. மூன்று பக்கமும் பயந்துபோய் இருக்கிறது, ஒவ்வொரு பக்கமும் மற்றப் பக்கம் தயாராகிறது என்று நம்புகிறது. என் கணிப்பில், மேடைப் பேச்சைவிட ஆபத்தானது இதுதான். பயந்தவர் மற்றவருடைய கடைக்குப் போவதை நிறுத்துவார், பிள்ளையை ரியூஷனிலிருந்து எடுப்பார். அதைப் பார்த்து மற்றவர் பயப்படுவார்.

இது எங்கள் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. 2022இல் அமெரிக்காவில் எடுத்த கருத்துக்கணிப்பில் 43 சதவீதத்தினர் பத்து வருடத்துக்குள் உள்நாட்டுப் போர் வரக்கூடும் என்றார்கள். அங்கே அதே வருடம் வந்த இன்னோர் ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. எதிர்க்கட்சிக்காரர் வன்முறையை எவ்வளவு ஆதரிக்கிறார்கள் என்று இரு கட்சி ஆதரவாளர்களிடமும் கேட்டார்கள். இருவருமே உண்மையைவிட மிகக் கூட்டிச் சொன்னார்கள். சரியான கணக்கைக் காட்டியபின் அவர்களுக்கே வன்முறையில் இருந்த ஆதரவு குறைந்தது.

தவறான கணக்கு என்ன செய்யும் என்பதற்கு அம்பாறையைப் பாருங்கள். 2018 பெப்ரவரியில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில் கறிக்குள் கட்டி ஒன்று கிடந்தது. சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யக் கலந்த கருத்தடை மாத்திரை என்றார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரரைக் கூட்டம் சுற்றி நின்று கேட்க, அவர் தலையாட்டிவிட்டார். அந்த வீடியோ நாடெல்லாம் ஓடியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மா என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் கண்டிப் பக்கத்துத் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்து முடிந்திருந்தன.

அதனால் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "மற்ற இரண்டு இனத்திலும் இரவில் அழைக்கக்கூடிய ஒருவருடைய நம்பர் போனில் இருக்கிறதா?" என்றுதான். பலரிடம் இருக்காது. வாட்ஸ்அப்பில் பெயரில்லாத குரல் "கிண்ணியாவில கடை எரியுது" என்றால், கிண்ணியாவில் இருக்கிற ஒருவரைக் கேட்கலாம். "இங்க ஒன்றுமில்லை, சாப்பிட்டுட்டுப் படுங்க" என்று அவர் சொல்வதற்கு எந்த மாத்திரையும் ஈடாகாது. உண்மையிலேயே ஏதாவது நடந்தாலும் சரியான தகவல் அவரிடமிருந்துதான் வரும். அவர் பதில் சொல்லும்வரை அந்தக் குரலை வேறெவருக்கும் அனுப்பாமல் இருந்தால் பெரிய உதவி.

அப்புறம், ஓடவேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு போகக் கட்டி வைத்திருக்கிற அந்தப் பை. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதி, இரண்டு உடுப்பு, தங்கம் இருந்தால் அதுவும். பல வீடுகளில் கட்டிலுக்குக் கீழே இன்னும் இருக்கிறது. அதை அவிழ்க்கச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. 2004 சுனாமிக்கும் 2025 டித்வா புயல் வெள்ளத்துக்கும் அந்தப் பை தேவைப்பட்டது. பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரிக்கு மேலே வைக்கச் சொல்வேன். பை வைத்திருப்பதில் தப்பில்லை. ஒரு நாளில் பலமுறை திறந்து எண்ணிப் பார்க்கத் தொடங்கினால்தான் அது நோய்.

பிள்ளைகளும் இதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். 2009க்குப் பிறகு பிறந்து, ஷெல் சத்தமே கேட்காத பிள்ளை, ஹெலி பறந்தால் மேசைக்குக் கீழே போகிறது என்று ஒரு தாய் சொன்னார். யாரிடமிருந்து பழகியது என்று நான் கேட்கவில்லை, அவரே தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளை கேட்டால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். அடுத்ததை ஊகிக்கிற பேச்சை அது நித்திரையான பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் கவலைப்படுகிற அறிகுறிகள் உண்டு. ஒரு இனத்தவரைத் தாக்கும்போது பொலிஸ் பார்த்துக்கொண்டு நிற்பது. சீருடையில்லாமல் ஆயுதத்தோடு ஆட்கள் நடமாடுவது. அப்படி ஒன்றைக் கண்ணால் கண்டால் பேஸ்புக்கில் போடுவதற்கு முன் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடாகப் பதியுங்கள்.

நித்திரையின்மை, கெட்ட கனவு, பழைய காட்சிகள் கண்முன் வருவது இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு வாருங்கள். வர முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம், தமிழில் பேசலாம். பக்கத்து வீட்டு அக்கா தனக்குத் தந்த நித்திரை மாத்திரையில் பாதியை உடைத்துத் தந்தால் மட்டும் வாங்கிப் போடாதீர்கள். அது அவருடைய நிறைக்கும் வயதுக்கும் நோய்க்கும் எழுதிக் கொடுத்தது. கொஞ்ச நாளில் அது இல்லாமல் நித்திரையே வராது என்ற நிலைக்கும் கொண்டுபோய் விட்டுவிடும்.