கையை உதறினால் சரியாகிவிடுகிறதா?

முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த அந்த அக்காவுக்கு 50 வயதிருக்கும். பீடித் தட்டை மடியில் வைத்தே 30 வருஷம் ஓட்டியவர். "ராத்திரி ரெண்டு மணிக்குக் கை செத்துப் போவுது தம்பி. எந்திரிச்சு உதறுனாத்தான் உசுரு வருது" என்றார். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று யாரோ சொல்ல, ஆறு மாதமாகக் கழுத்துப் பட்டையோடு அலைந்திருக்கிறார்.

பேனாவைக் கொடுத்து, மரத்துப்போகும் இடத்தைக் கையிலேயே வரையச் சொன்னேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரல் பக்கம் பேனா போகவே இல்லை. எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

உள்ளங்கை தொடங்கும் இடத்தில் ஒரு குறுகலான பாதை உண்டு. அடியில் எலும்பு, மேலே தடித்த நார்ப்பட்டை. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், அக்கா வரைந்த விரல்களுக்கு உணர்வு தரும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் நுழைந்தாக வேண்டும். உள்ளே கொஞ்சம் வீக்கம் வந்தாலும் நசுங்குவது நரம்புதான். இதுதான் கார்பல் டனல் சின்ட்ரோம். சுண்டுவிரல் நரம்புக்கு வேறு வழி, அதனால் அது தப்பிக்கிறது. தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கிப் படுப்பதால் ராத்திரியில் தொந்தரவு கூடும்.

"பீடி சுத்துறதாலயா தம்பி?" என்றார். இலை வெட்டி, தூள் வைத்து உருட்டி, முனை மடக்கி, நூல் சுற்றி... ஆயிரம் பீடிக்கும் இதே வேலை. அதற்குப் பங்கு இருக்கிறது, சரி. ஆனால் பழி முழுவதையும் தட்டின் மேல் போட எனக்கு மனசில்லை. ஒரே தெருவில் ஒரே வேலை செய்கிற எல்லாருக்கும் இது வருவதில்லையே! தைராய்டு குறைவு, சர்க்கரை, முடக்குவாதம், உடல் பருமன், எப்போதோ முறிந்த மணிக்கட்டு என எதுவும் காரணமாகலாம். கர்ப்பிணிகளுக்கு நீர் கோத்து வரும், பிரசவத்துக்கு அப்புறம் பெரும்பாலும் அடங்கிவிடும். அக்காவுக்கு இரத்தம் பார்த்ததில் தைராய்டு குறைவு. மாத்திரையும், மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை ராத்திரிக்கு மட்டும் என்றும் முடிவானது. ஆறு வாரத்தில் தூக்கம் வந்தது.

அடுத்த முறை தன் மதினியையும் கூட்டி வந்தார். "எனக்கு இப்ப மரப்பே பெருசாத் தெரியல, நூல்தான் பிடிபடாம நழுவுது" என்றார் மதினி. உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். கட்டைவிரல் அடியில் இருக்க வேண்டிய சதைமேடு வற்றிக் குழிந்திருந்தது. அதே நரம்பு ரொம்ப நாளாக நசுங்கியிருப்பதன் அடையாளம் அது. நரம்புப் பரிசோதனைக்கு அன்றைக்கே பாளையங்கோட்டைக்கு அனுப்பினேன். அறுவை சிகிச்சையில் அந்த நார்ப்பட்டையை வெட்டி நெருக்கத்தைக் குறைப்பார்கள். ஆனால் வற்றிய சதை பழையபடி முழுசாகத் திரும்பும் என்று அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை.