சென்னையில் பிறந்த பிள்ளைக்கு அமெரிக்கக் குடியுரிமை: அப்பாவின் பாஸ்போர்ட் மட்டும் போதாது

அமெரிக்க அதிபராக 35 வயதும், அந்த நாட்டில் 14 ஆண்டு வாசமும் வேண்டும். பிறப்பால் குடிமகனாகவும் இருக்க வேண்டும். ‘பிறப்பால்’ என்றால் என்ன என்று அரசியலமைப்பு விளக்கவில்லை. பனாமா கால்வாய் மண்டலத்தில் பிறந்த ஜான் மெக்கெயின், கனடாவின் கால்கரியில் பிறந்த டெட் குரூஸ் இருவர் மீதும் இதை வைத்தே வழக்குப் போட்டார்கள். எங்கே பிறந்தாலும் சரி, பிறக்கும்போதே பெற்றோர் வழியாகக் குடியுரிமை வந்திருந்தால் போதும் என்பது பெரும்பாலான சட்ட வல்லுநர்களின் கருத்து. உச்ச நீதிமன்றம் இன்னும் தீர்த்துச் சொல்லவில்லை.

அதிபர் கதை இருக்கட்டும். ‘பிறக்கும்போதே’ என்ற அந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு அலைகிற நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்பா அமெரிக்கக் குடிமகன், அம்மா இந்தியக் குடிமகள், பிரசவம் சென்னையில். பிள்ளைக்குத் தானாகவே குடியுரிமை வந்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். வராது. குழந்தை பிறப்பதற்கு முன்பே அந்த அப்பா மொத்தம் 5 ஆண்டு அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். அதில் 2 ஆண்டாவது அவருக்கு 14 வயது முடிந்த பிறகு இருக்க வேண்டும். அம்மா குடிமகளாக இருந்து அப்பா இந்தியர் என்றாலும், மணமானவர்களுக்கு இதே கணக்குதான். இருவருமே அமெரிக்கக் குடிமக்கள் என்றால் 5 ஆண்டுக் கணக்கு கிடையாது. யாராவது ஒருவர் முன்பு அங்கே வசித்திருந்தால் போதும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் நியூ ஜெர்சியில் பிறந்து, 4 வயதில் திருச்சிக்கு வந்துவிட்டார். அமெரிக்க பாஸ்போர்ட்டைத் தவறாமல் புதுப்பித்து வந்தார். தன் மகளுக்கு விண்ணப்பித்தபோது முடியாது என்றார்கள். அவர் குடிமகன்தான், ஆனால் அதை மகளுக்குக் கொடுக்கத் தேவையான ஆண்டுகள் அவரிடம் இல்லை. பணமும் மாதங்களும் போன பிறகுதான் இது அவருக்குத் தெரிந்தது. இதை முதலிலேயே ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

பொதுவாகக் கணக்கில் வருவது நீங்கள் நேரில் அங்கே இருந்த நாட்கள் மட்டும். ஊருக்கு வந்து போன விடுமுறைகள் கழிந்துவிடும். அதே சமயம், குடிமகனாவதற்கு முன் மாணவர் விசாவிலும் எச்1பி வேலை விசாவிலும் இருந்த நாட்களும் சேரும். பலர் இதைத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான். டிரைவிங் லைசென்ஸையும் வருமான வரிப் படிவத்தையும் மட்டும் நீட்டினால் போதாது. கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட், டபிள்யூ-2 (முதலாளி தரும் வருடாந்திரச் சம்பளப் படிவம்), வாடகை ஒப்பந்தம், முத்திரை குத்திய பழைய பாஸ்போர்ட் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ரத்தான இந்திய பாஸ்போர்ட்டைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்த பொறி கிரீன் கார்டு. அது அங்கே நிரந்தரமாக வசிக்கும் அனுமதி மட்டுமே, குடியுரிமை அல்ல. குழந்தை பிறந்த நாளில் அப்பாவிடம் கிரீன் கார்டுதான் இருந்தது, அடுத்த வாரமே குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுத்தார் என்றாலும் அந்தப் பிள்ளை பிறப்பால் குடிமகன் ஆகாது. அதற்கு வேறு வழி உண்டு. பிள்ளை கிரீன் கார்டோடு அங்கே போய், 18 வயதுக்குள் குடிமகனான பெற்றோருடன் வசிக்க வேண்டும். அப்போது தானாகவே குடியுரிமை வரும். கார்டை வாங்கிவிட்டுப் பிள்ளையைக் கோவையில் தாத்தா பாட்டியிடம் விட்டுவைத்தால் வராது. இப்படிக் குடிமகனாகும் பிள்ளை அதிபராகவோ துணை அதிபராகவோ ஆக முடியாது என்பதைத் தவிர வேறு குறை எதுவுமில்லை.

தகுதி இருக்கிறதா? அப்படியானால் வெளிநாட்டுப் பிறப்பைப் பதிவு செய்யும் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 18 வயதுக்குப் பிறகு அது கிடையாது. மருத்துவமனை கொடுக்கும் சீட்டு செல்லாது. மாநகராட்சி அல்லது நகராட்சியின் பிறப்புச் சான்றிதழ், அதுவும் குழந்தையின் பெயரோடு வேண்டும். ஒரு ஆவணத்தில் இனிஷியல், இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். 16 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு பெற்றோரின் சம்மதமும் தேவை. அப்பா டல்லாஸில் இருந்தால், டிஎஸ்-3053 என்ற சம்மதப் படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம், அமெரிக்க பாஸ்போர்ட் கைக்கு வந்த மறுநாளுக்கே டிக்கெட் போட்டுவிடாதீர்கள். பிள்ளை பிறந்தது இங்கே என்பதால் அதில் இந்திய விசா இருக்காது. வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓ-வின் இணையதளத்தில் விண்ணப்பித்து வெளியேறும் அனுமதி வாங்கினால்தான் குடிவரவுக் கவுன்டரில் விடுவார்கள். அது வந்த பிறகு பயணத் தேதியை முடிவு செய்யுங்கள்.