தொடர் அறுந்த மறுநாள் செயலி என்ன சொல்ல வேண்டும்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறை. கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கும் அக்கா ஒருவர் வேலையை நிறுத்திவிட்டுத் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். அன்றாடப் பழக்கங்களுக்கு ஊக்கம் தர நாங்கள் வடிவமைத்த செயலியின் முகப்புத் திரை. நடுவில் பெரிய எழுத்தில் பூஜ்யம். அதன் கீழே அணைந்துபோன விளக்கின் படம். மூன்று நாளுக்கு முன்பு வரை அந்த இடத்தில் 41 இருந்தது; அவர் ஒரு நாள்கூட விடாமல் தொடர்ந்து படித்த நாட்களின் எண்ணிக்கை. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வேண்டும் என்று தினமும் இருபது நிமிடம் படித்துவந்தார். மாமியாரை மருத்துவமனையில் சேர்த்ததால் இரண்டு நாள் புத்தகத்தைத் தொட முடியவில்லை.

"நாற்பத்தோரு நாள் படித்தது எங்கே போயிற்று, தம்பி?" என்று கேட்டார்.

அந்தக் குரலில் கோபமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். படித்தது எங்கும் போகவில்லை. திரையிலிருந்து அதை அழித்தது நான். அந்தப் பூஜ்யத்தை வரைந்ததும், அணைந்த விளக்குக்குச் சாம்பல் நிறம் தேடிப்பிடித்ததும் நான்தான்.

அன்றாட ஊக்கம், சுயமுன்னேற்றம் என்று வரும் செயலிகளில் பல ஒரே அச்சில் வார்த்தவை. காலையில் ஒரு பொன்மொழி, மாலையில் ஒரு நினைவூட்டல், நடுவில் 'தொடர்ந்து இத்தனை நாள்' என்ற எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை விட்டுப்போய்விடுமோ என்ற பயமே பலரைத் திரும்பத் திரும்பத் திறக்க வைக்கிறது. எங்கள் முயற்சியில் பணம் போட வந்தவர் முதல் சந்திப்பில் கேட்டதும் "ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறார்?" என்பதைத்தான். படித்தாரா, நடந்தாரா, நேரத்துக்குத் தூங்கினாரா என்ற கேள்வி வரவில்லை. என் கருத்து இதற்கு நேர்மாறானது. ஒருவரின் பழக்கம் வேரூன்ற உதவும் செயலி என்றால், மாதங்கள் போகப்போக அதைத் திறக்க வேண்டிய தேவை அவருக்குக் குறைய வேண்டும்.

'21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்' என்று பல செயலிகளின் முதல் திரையிலேயே எழுதியிருக்கும். நானும் எழுதினேன். அந்த எண்ணின் வேரைத் தேடினால், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜனிடம் போய் நிற்கிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் தங்கள் புதிய முகம் பழகுவதற்கு நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் 1960இல் எழுதினார். அதிகாலையில் எழுந்து படிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறுவதற்கு நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று கணக்கிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொன்று: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அப்படியானால் அந்தப் பூஜ்யம் அழகில்லாத வடிவமைப்பு மட்டுமில்லை, பொய்யான தகவலும்கூட.

ஏற்காடு போகிறவர்களுக்குத் தெரியும், அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டாவது வளைவில் வண்டி சூடாகி நின்றால் ஓரம் கட்டி, ஆறவிட்டு, அங்கிருந்தே ஏறுவோம். அடிவாரத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஏறி வா என்று யாராவது சொன்னால் கேட்போமா? எங்கள் செயலி அந்த அக்காவிடம் அதைத்தான் சொன்னது.

ஆகவே தொடர் எண்ணிக்கையை எடுத்துவிட்டோம். இப்போது இருப்பது மொத்த நாள் கணக்கு. அது கூடும், குறையாது. 'இன்று இயலவில்லை' என்று ஒரு பொத்தான் உண்டு; அழுத்தினால் காரணம் கேட்காது, அன்று மறுபடி நினைவூட்டாது. ஒரு வாரம் கழித்துத் திரும்பி வருகிறவரிடம் 'எங்கே போயிருந்தீர்கள்?' என்று கேட்பதில்லை. 'சென்ற முறை 87ஆம் பக்கத்தில் நிறுத்தினீர்கள்' என்று மட்டும் சொல்லும். இந்த ஒரு வரிக்கு வந்து சேர எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது.

அடுத்து, நேரம். காலை ஆறு மணிக்கு மணியடிக்கும் செயலி யாருக்காகச் செய்யப்பட்டது? கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறியில் இரவு ஷிப்ட் முடித்தவர் ஆறு மணிக்குத்தான் படுக்கப் போகிறார். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கி எழுதியபடி, 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று ஒரு நிகழ்வோடு முடிச்சுப் போட்ட தீர்மானம், வெறும் தீர்மானத்தைவிட நன்றாக நிறைவேறுகிறது. இதைச் செயலியில் கொண்டுவரும்போது தமிழ் எங்களை மடக்கியது. ஆங்கிலச் செயலிகளைப் பார்த்து 'நான் ____ பிறகு ____ செய்வேன்' என்று கோடிட்ட இடம் வைத்தோம். 'நான் பால் காய்ச்சுதல் பிறகு படிப்பு செய்வேன்' என்று வந்து விழுந்தது. வீட்டில் யாராவது இப்படிப் பேசுவார்களா? கோடுகளை அழித்துவிட்டு, 'பால் பொங்கியதும் இரண்டு பக்கம் படிப்பேன்' என்று ஓர் எடுத்துக்காட்டைக் காட்டி, முழு வரியையும் அவர்களையே எழுதவோ குரலில் சொல்லவோ விட்டோம். வரிகள் உயிரோடு வரத் தொடங்கின. 'கடைசிப் பஸ் போனதும்', 'பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும்', 'தறியை நிறுத்தியதும்'. அந்த 'தும்' என்ற முடிவே ஆய்வாளர்கள் சொன்ன முடிச்சை அழகாகப் போட்டுவிடுகிறது.

மொழிபெயர்த்து ஒட்டிய செயலிகளில் வேறு காயங்களும் உண்டு. ஐம்பது வயதுக்காரரைப் பார்த்து 'எழு! ஓடு!' என்று ஒருமையில் ஏவுகின்றன. பெண்ணிடம் 'நீ ஒரு வெற்றியாளன்' என்கின்றன. பொத்தான் ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு வெட்டப்பட்டிருப்பதால் 'சாதித்துக்காட்டுவேன்' என்பது 'சாதித்துக்காட்' என்று அறுந்து நிற்கிறது. பெரியவர்கள் பெயரில் உலவும் பொன்மொழிகளில் பலவற்றுக்கு மூலமே கிடைக்கவில்லை; கிடைக்காதவற்றை நாங்கள் நீக்கிவிட்டோம்.

ஏற்காடு மலையில் செயலியைச் சோதித்தபோது கற்றது ஒன்றுதான், ஆனால் பெரியது. நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டே அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பியின் கைபேசியில், செயலி வெள்ளைத் திரையோடு நின்றது. சிக்னல் இல்லை. ஒரு வரி எழுத்தைக் காட்ட இணையம் எதற்கு? எல்லாவற்றையும் கைபேசிக்குள்ளேயே வைத்தோம். பயனர் எழுதும் நாட்குறிப்பும் அங்கேயே இருக்கும். எங்கள் சர்வருக்கு வராது.

இனிச் சொல்வதுதான் எனக்கு மிகக் கனமானது. 'எதிலும் பிடிப்பில்லை' என்று எழுதுகிறவரிடம் ஊக்க வாசகம் காட்டுவது கொடுமை. எழுந்திருக்கவே முடியாதவரிடம் 'சாக்குச் சொல்லாதே' என்றால், தன்மேல்தான் குற்றம் என்று அவர் இன்னும் சுருண்டுபோவார். சோர்வுக்கும் மனநோய்க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது செயலியின் வேலையில்லை, அதற்கு அந்தத் தகுதியும் இல்லை. 'மனம் மிகக் கனமாக இருக்கிறது' என்று ஒருவர் அடுத்தடுத்த நாட்களில் குறித்தால் எங்கள் செயலி பொன்மொழிகளை நிறுத்திக்கொள்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையின் எண் 14416ஐக் காட்டுகிறது. 24 மணி நேரமும், கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணுக்கான பொத்தான் மற்ற நாட்களிலும் முகப்பில் இருக்கும், தேடிப்போக வேண்டியதில்லை. இப்படியான வழி எதையும் காட்டாத ஊக்கச் செயலியை உங்கள் பிள்ளைகளின் கைபேசியில் பார்த்தால் தயவுசெய்து அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஏமாந்த பலர் வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. 'ஏழு நாள் இலவசம்' என்று சேர்ந்தபின் செயலியை நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடாது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பணமும் சந்தாவும் உள்ள பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். யுபிஐயில் ஆட்டோபே, அதாவது தவணைதோறும் தானாகப் பணம் எடுக்கும் அனுமதி, கொடுத்திருந்தால் அந்த யுபிஐ செயலியிலும் பாருங்கள். மறுக்கும் பொத்தானில் 'வேண்டாம், நான் இப்படியே இருந்துவிடுகிறேன்' என்று எழுதிக் கூச வைக்கும் தந்திரமும், எளிதில் வெளியேற விடாத சந்தா வலையும், 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த நெறிமுறைகளில் தடை செய்யப்பட்ட 13 வழிகளில் அடங்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் செயலி உங்கள் அனுமதியில்லாமல் அறிவிப்பு அனுப்ப முடியாது. கேட்ட உடனே 'சரி' கொடுக்காதீர்கள். ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் கொடுங்கள்.

மாற்றிய பதிப்பை அந்த அக்காவின் கைபேசியில்தான் முதலில் போட்டோம். பழைய 41 அப்படியே வந்து நின்றது. இந்த ஆடியில், சேலம் குகைப் பகுதியின் மாரியம்மன் திருவிழாவில் அலங்கார வண்டிகள் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை நாளன்று பார்த்தபோது 96 ஆகியிருந்தது. உறவினர் வருகை, கூழ் ஊற்றுதல், கோயில் என்று அந்த வாரத்தில் நான்கு நாள் 'இயலவில்லை' என்று அழுத்தியிருந்தார். "ஆடி முடியட்டும், தம்பி. கணக்குப் பாடத்தில் 'வட்டம்' மட்டும்தான் பாக்கி" என்றார்.