ஒயின் கூலர் குளிரவில்லையா? கேஸ் நிரப்பும் முன் கதவு ரப்பரைப் பாருங்கள்

ஒயின் பாட்டில்களைக் குளிராக வைக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டியான ஒயின் கூலர் சரியாகக் குளிரவில்லை என்று கூப்பிடுகிறவர்களில் பலர் காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்: "கேஸ் போயிடுச்சு போல, நிரப்பணும்." நான் போனதும் கம்ப்ரஸர் பக்கம் திரும்புவதில்லை. கதவைத் திறந்து, நாலு பக்கமும் ஓடும் ரப்பரை விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வருவேன். கேஸ் என்கிற குளிரூட்டும் வாயு, வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்; எங்காவது கசிந்தால்தான் குறையும். கதவு ரப்பர் அப்படியல்ல. திறந்து மூடுகிற ஒவ்வொரு முறையும் அது மடங்கி நிமிர்கிறது. அதனால் நாளாக நாளாகக் கெட்டிப்படும், சுருங்கும், மூலையில் கிழியும்.

இந்த ரப்பரை நாங்கள் கேஸ்கட் என்போம். பெரும்பாலும் மென்மையான பிவிசியில் செய்தது, உள்ளே ஒரு காந்தப் பட்டை ஓடும். அந்தக் காந்தம்தான் கதவைப் பெட்டியோடு ஒட்டிப் பிடிக்கிறது. காற்றை அடைக்கிற வேலையை வெளியே இருக்கும் மெல்லிய உதடும் மடிப்பும் செய்கின்றன. இரண்டில் எது தளர்ந்தாலும் குளிர் கசியும்.

"ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிரத் தேவையில்லையே, கொஞ்சம் கசிந்தால் என்ன?" என்று கேட்பார்கள். ஒயினை நெடுநாள் வைக்க 12 முதல் 13 டிகிரி செல்சியஸ் போதும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே குளிரைவிட நிலையாக இருப்பதுதான் முக்கியம். வெப்பம் ஏறி இறங்கினால் பாட்டிலுக்குள் இருக்கும் திரவமும் விரிந்து சுருங்கி, கார்க்கை இடைவிடாமல் அசைக்கும். ஈரப்பதமும் கெடும். வெளிக்காற்று ஈரமாக இருந்தால் உள்ளே வியர்த்து, லேபிள் உரியும், கார்க் தலையில் பூஞ்சை பிடிக்கும். வெளிக்காற்று வறண்டிருந்தால் கார்க் காய்ந்து சுருங்கி, பாட்டிலுக்குள் காற்று புகும். கம்ப்ரஸருக்குப் பதிலாக, மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகடு வைத்த சிறிய கூலர்களுக்கு இது இன்னும் கஷ்டம். அறை வெப்பத்தைவிட ஓரளவுக்குக் கீழேதான் அவற்றால் இறங்க முடியும். கசிவைச் சமாளிக்கிற உபரி பலம் அவற்றிடம் இல்லை.

கண்ணாடிக் கதவு என்பதால் நோயைப் பனியே காட்டிக்கொடுக்கும். அது எங்கே படிகிறது என்று மட்டும் கவனிக்க வேண்டும். கண்ணாடியின் உள்பக்கத்தில், ஓரத்தை ஒட்டி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நீர் கோர்த்தால் அந்த இடத்து கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். வெளிப்பக்கம் முழுக்க மூடுபனி போலப் படிந்தால், அது அறையில் உள்ள ஈரத்தின் வேலை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, துடைக்க முடியாத இடத்தில் பனி நின்றால், அந்த இரட்டைக் கண்ணாடியின் அடைப்பே போய்விட்டது. எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் அது போகாது.

சோதிக்க ஒரு காகிதத் துண்டு போதும். கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுங்கள். பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி. நாலு பக்கமும், குறிப்பாக மூலைகளிலும் கீல் ஓரத்திலும் பாருங்கள். டார்ச்சை உள்ளே வைத்து மூடிப் பார்க்கிற முறையும் உண்டு. ஆனால் கண்ணாடி வழியாகவே வெளிச்சம் வந்துவிடும். அதனால் கண்ணாடி முழுவதையும் கறுப்புத் தாளால் மறைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு ஓரங்களை மட்டும் பாருங்கள்.

கசிவு தெரிந்ததும் உடனே புது கேஸ்கட்டுக்குச் சொல்லிவிடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கம்ப்ரஸரையே மாற்றச் சொல்லியிருந்த ஒரு வீட்டில், கீழ்த்தட்டில் ஒரு நீளமான பாட்டிலின் கழுத்து கதவை நூலிழை அளவு தள்ளிக்கொண்டிருந்தது. பாட்டிலைத் திருப்பி வைத்ததும் காகிதம் இறுகிப் பிடித்தது. தட்டு முழுதாக உள்ளே போயிருக்கிறதா, பெட்டி சமதளத்தில் நிற்கிறதா, மேல் கீல் தளர்ந்து கதவு தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷால் மடிப்புக்குள் தேய்த்துத் துடையுங்கள். சிந்திய ஒயின் பிசுக்கு உதட்டை ஒட்டவைத்துக் கிழிக்கும். தின்னர், மண்ணெண்ணெய் எல்லாம் வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும்.

இவ்வளவும் செய்து பார்த்தும் காகிதம் வழுக்குகிறதா? சரி, மாற்றத்தான் வேண்டும். மாடல் எண் பெரும்பாலும் உள்சுவரிலோ பின்பக்கத்திலோ ஸ்டிக்கரில் இருக்கும். அந்த எண்ணுக்கே கேஸ்கட் கிடைத்தால் சிக்கலில்லை. கிடைக்காவிட்டால் பழையதில் ஒரு விரல் நீளம் வெட்டி, அதன் குறுக்குவெட்டு வடிவத்தைக் காட்டி வாங்குங்கள். அகலம் மட்டும் ஒத்துப்போனால் போதாது, பள்ளத்தில் மாட்டும் கொக்கியும் அதே வடிவில் இருக்க வேண்டும். அளவைப் பழைய ரப்பரில் எடுக்காதீர்கள், அது சுருங்கியிருக்கும். கதவில் உள்ள பள்ளத்தின் நடுவிலிருந்து எதிர்ப் பள்ளத்தின் நடுவரை அளந்துகொள்ளுங்கள். இரண்டு வெப்பநிலை உள்ள கூலரானால், நடுத்தடுப்புக்கு வரும் குறுக்குப் பட்டையையும் மறக்கக் கூடாது. சில கூலர்களில் கேஸ்கட்டைக் கதவோடு நிரந்தரமாக ஒட்டியிருப்பார்கள். அவற்றுக்குக் கதவையே மாற்ற வேண்டியிருக்கும். அதை ஆர்டர் கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாட்டில்களை வெயில் படாத குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். ரப்பரின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஸ்க்ரூ தெரிந்தால் அது பட்டி வைத்து இறுக்கிய வகை. ஸ்க்ரூவை முழுதாகக் கழற்றாமல் தளர்த்தினாலே போதும். ஸ்க்ரூ இல்லையென்றால் பள்ளத்தில் அழுத்திய வகை. கீழ் மூலையில் பிடித்து இழுத்தால் உரிந்து வரும். பள்ளத்துக்குள் இருக்கும் கறுப்புப் பிசுக்கைச் சுரண்டித் துடைத்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை உள்ளேயே வளரும். ஒரு எச்சரிக்கை: பழைய ஸ்க்ரூ ஓட்டை சரியில்லையென்று பெட்டியில் புதிதாகத் துளை போடாதீர்கள். பல கூலர்களில் ஆர்-600ஏ என்ற, தீப்பிடிக்கக்கூடிய வாயு இருக்கிறது. குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

புது கேஸ்கட் மடித்து அட்டைப்பெட்டியில் வந்திருக்கும், கோணல்மாணலாக நிற்கும். கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் சற்று நேரம் ஊறவிட்டால் இளகி நிமிரும். துடைத்துவிட்டு, முதலில் நாலு மூலைகளையும் மாட்டுங்கள். அடுத்து ஒவ்வொரு பக்கத்தின் நடுப்பகுதி. மிச்சத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக மாட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் நீளம் மிஞ்சும், அல்லது இழுக்க வேண்டியிருக்கும். இழுத்து மாட்டிய ரப்பர் நாளடைவில் மூலையை விட்டு விலகும். ஸ்க்ரூட்ரைவரால் குத்தாதீர்கள், ஒரு மரக்கரண்டியின் பின்புறம் போதும்.

மாட்டியதும் கதவை மூடிப் பார்த்தால் மூலைகளில் கொஞ்சம் இடைவெளி தெரியும். பதற வேண்டாம். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், சற்றுத் தள்ளிப் பிடித்து அந்த மூலையை மட்டும் இளக்கி, விரலால் வெளியே நீவிவிடுங்கள். சூடு கண்ணாடியில் ஒரே இடத்தில் படக்கூடாது. குளிர்ந்திருக்கும் கண்ணாடி விரிசல் விடலாம். பிறகு கதவை மூடி, மேலும் கீழும் டேப் ஒட்டி ஓர் இரவு அப்படியே விடுங்கள். கீல் பக்கத்து உதடு உள்ளே சுருண்டுகொண்டால் சிலிகான் கிரீஸை மெல்லத் தடவுங்கள்.

மறுநாள் டேப்பை எடுத்து, காகிதத்தால் மீண்டும் ஒரு சுற்று பார்த்துவிட்டு பிளக்கைப் போடுங்கள். வெப்பநிலை நிலைக்கு வர ஒரு நாள் கொடுத்து, அப்புறம் பாட்டில்களை அடுக்குங்கள். ஒரு வாரம் கழித்து, ரப்பர் நன்றாகப் படிந்ததும், மூலைகளை மட்டும் இன்னொரு முறை சோதியுங்கள். எல்லாப் பக்கமும் காகிதம் இறுகிப் பிடித்து, அப்போதும் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடினால் பிரச்சினை உள்ளேதான். அப்போது ஆளைக் கூப்பிட்டு, கேஸ் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.