ஃபியூஸா பிரேக்கரா என்று கேட்பதற்கு முன்னால்

கராஜில் கிட் விமானம் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டுவது) கட்டுகிறவர்கள் பேனல் வேலைக்கு வந்ததும் முதலில் கேட்பது, "ஃபியூஸ் போடலாமா, பிரேக்கர் போடலாமா?" என்பதுதான். அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் ஃபியூஸ் உருகிப் போகும், பிரேக்கர் ட்ரிப் ஆகி வெளியே வரும், அதைத் திரும்ப அமுக்கலாம். ஜிபிஎஸ், ரேடியோ, ஆட்டோபைலட் என்று ஆயிரக்கணக்கான டாலரைக் கொட்டியிருப்பார்கள், அதை எப்படிக் காப்பாற்றுவது என்ற கவலை. அமெரிக்காவில் ஏவியானிக்ஸ் (விமான எலெக்ட்ரானிக்ஸ்) வேலை பார்க்கிற நான் திருப்பிக் கேட்பேன்: "என்ன வயர் போட்டிருக்கீங்க?"

ஃபியூஸ் இருப்பதே வயருக்காகத்தான். உள்ளே ஷார்ட் ஆன ரேடியோ ஏற்கெனவே செத்துப்போன ரேடியோ. அதற்குப் போகிற வயர் கொதித்து, கூடவே கட்டியிருக்கிற மற்ற வயர்களையும் சேர்த்துக் கருக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனவே வயரைப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்: 22 கேஜுக்கு 5 ஆம்பியர், 18 கேஜுக்கு 10 (கேஜ் எண் கூடக் கூட வயர் மெலிசு). அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ-வின் ஏசி 43.13-1பி என்ற வழிகாட்டியின் அட்டவணையிலேயே இது இருக்கிறது. கருவி தயாரித்தவர் அதைவிடச் சின்னதாகச் சொன்னால் சின்னதே போடுங்கள், தப்பில்லை. பெரிசாக மட்டும் போகாதீர்கள்.

ஒரு பேனலைத் திறந்து பார்த்தேன். பிட்டோ ஹீட்டருக்கு (வேகத்தை அளக்கிற குழாயில் பனி உறையாமல் சூடேற்றுவது) 14 கேஜ் வயர், 15 ஆம்பியர் ஃபியூஸ், சுத்தமான வேலை. ஆனால் ஹீட்டர் ஓடுகிறதா என்று காட்ட ஒரு சின்ன எல்இடி விளக்கு வேண்டுமென்று சுவிட்சின் பின்பக்கத்திலிருந்து 22 கேஜ் வயரை இழுத்து, பேனலின் உலோக விளிம்பை ஒட்டியே கொண்டுபோயிருந்தார். விளக்கு குடிப்பது ஒன்றுமே இல்லைதான். ஆனால் அந்த விளிம்பு வயரின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, அரைகுறையாக ஷார்ட் ஆகி 20 ஆம்பியர் ஓடினால்? 15 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது கிட்டத்தட்ட 135 சதவீதம். கார்களில் வரும் பிளேட் ஃபியூஸ் அதன் அளவைப்போல் 135 சதவீதத்தில் உருக 10 நிமிடம் வரை எடுத்துக்கொள்ளலாம், 200 சதவீதத்தில்தான் 5 விநாடிக்குள் போகும். அந்த 10 நிமிடம் 22 கேஜ் வயர் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். கிளை பிரிகிற இடத்திலேயே வயரின் நடுவிலேயே பொருத்துகிற 1 ஆம்பியர் இன்லைன் ஃபியூஸ் ஒன்று வைத்திருந்தால் விஷயம் முடிந்தது.

வைக்கிற இடமும் அப்படித்தான். ஃபியூஸைக் கருவிப் பக்கம் வைத்துவிட்டு பஸ் பாரிலிருந்து (பேட்டரி கரண்டை எல்லா சர்க்யூட்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற உலோகப் பட்டை) மூன்றடி வயரைச் சும்மா ஓட விடுகிறார்கள். ஸ்டார்ட்டரையே சுற்றுகிற பேட்டரி அந்த மூன்றடிக்குள் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். பஸ்ஸை ஒட்டியே வையுங்கள்.

சரி, ஃபியூஸா பிரேக்கரா? என் ஓட்டு பெரும்பாலான சர்க்யூட்டுகளுக்கு பிளேட் ஃபியூஸுக்குத்தான். விலை மலிவு, எடை குறைவு, இணைப்புகளும் குறைவு. "பிரேக்கரை ஆகாயத்திலேயே திரும்ப அமுக்கலாமே" என்பார்கள். அங்கேதான் எனக்குப் பயம். 2007 ஜூலையில் புளோரிடாவின் சான்ஃபோர்டில் விழுந்த செஸ்னா 310-ல், முதல் நாள் விமானி எரிகிற வாசனை வந்ததும் வானிலை ரேடாரின் பிரேக்கரை இழுத்துவிட்டிருந்தார். கோளாறைச் சரி செய்யாமலே மறுநாள் விமானம் கிளம்பியது, அந்த பிரேக்கர் மறுபடி உள்ளே அமுக்கப்பட்டிருக்கலாம் என்பது விசாரணையில் வந்த முடிவு. விமானத்தில் 2 பேர், தரையில் 3 பேர் இறந்தார்கள்.

பிரேக்கரே வேண்டிய இடமும் உண்டு. ஆல்டர்னேட்டர் ஃபீல்டில் (ஆல்டர்னேட்டரை வேலை செய்ய வைக்கிற சின்ன கரண்ட் போகிற வயர்) 5 ஆம்பியர் பிரேக்கர் போடுங்கள், ஏனென்றால் வோல்டேஜ் எகிறினால் க்ரோபார் வகை ஓவர்வோல்டேஜ் மாட்யூல் வேண்டுமென்றே ஷார்ட் செய்து அதை ட்ரிப் ஆக்கித்தான் ஆல்டர்னேட்டரை நிறுத்தும். தவறுதலாக ட்ரிப் ஆனால் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கலாம், திரும்ப வெளியே வந்தால் விட்டுவிட்டு இறங்கப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் தயாரிக்கிற கரண்ட் வெளியே வருகிற பி-லீடுக்கு பேனலில் பெரிய பிரேக்கர் வைக்காமல், ஃபயர்வாலுக்கு (எஞ்சினையும் காக்பிட்டையும் பிரிக்கிற தடுப்பு) எஞ்சின் பக்கமே ஏஎன்எல் லிமிட்டர் என்கிற பெரிய ஃபியூஸ் போதும். தடித்த வயர் காக்பிட்டுக்குள் வரவே வேண்டாம்.

அப்புறம் ஒன்று. முதல் பறப்புக்கு முன்னால், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினைத் தரையில் ஓட விட்டு, ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி எது எது நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். போன வருடம் ஒருவர் இப்படிப் பிடுங்கியபோது எஞ்சினே நின்றுவிட்டது: இரண்டு எலெக்ட்ரானிக் இக்னிஷனும் ஒரே ஃபியூஸில் தொங்கிக்கொண்டிருந்தன.